ஏரிக்குள் துணி கட்டிய மரங்கள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எருக்கங்கண்டிகை ஏரியின் வேலிகாத்தான் மர ஏலம் எனக்கு விழுந்தது. காலையிலிருந்து புழுக்கம். பஞ்சாயத்து ஆபீஸில் ஃபேன் சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை.

என்னோடு கேட்டவர்கள் இரண்டு பேர். ஆரம்பாக்கத்துத் தாடிக்காரர் பாதியில் டீ குடிக்க எழுந்து போனார், திரும்பி வரவில்லை. இன்னொருவர் செங்கல் சூளைக்காரர். அவருக்குச் சுள்ளி போதும், என் அளவுக்கு ஏற மாட்டார் என்று தெரியும். ஏறவில்லை.

ஏரிக்குள் முழுக்கச் சீமைக் கருவேல முள் காடு. அதை வெட்டி, வேரோடு பிடுங்கி, பெருமழைக்கு முன்னால் ஏரியைச் சுத்தமாக விட வேண்டும். விறகு எனக்கு, ஏரி அவர்களுக்கு. பதினைந்தாம் தேதி கிராம சபையில் போட்ட தீர்மானத்தை வாசித்தார்கள். அதில் ஒரு வரி: ஊருக்கு வேண்டிய மரங்களை விட்டுவிட வேண்டும்.

எந்த மரம் என்று கேட்டேன். வார்டு மெம்பர் தேசிங்கு கையை வீசினார். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை, ஷிப்ட் முடித்து நீலச் சட்டையோடு நேராக வந்திருந்தார்.

"இன்னாக்கா பெரிய மரம்? ரெண்டு வேப்ப மரம், கரையில நாலு பன. மத்ததெல்லாம் பேய். தண்ணிய உறிஞ்சிக்கினு கீது. ஒண்ணு கூட இருக்கக் கூடாது, வேரோட புடுங்கிப் போட்டுடு."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பெண்கள் பின்வரிசை. அவர்களும் தலையாட்டினார்கள், அல்லது ஆட்டியது போல இருந்தது.

என் ஆட்கள் வேற்றூர்க்காரர்கள். எது எது என்று யார் கூட நின்று காட்டுவது? தேசிங்குக்கு ஷிப்ட், எனக்கு அவசரம். "வேணும்ன்ற மரத்துல ஒரு துணி கட்டிடுங்கப்பா. துணி இருந்தா என் ஆளுங்க தொட மாட்டாங்க" என்றேன். நல்ல யோசனை என்று அதையும் காகிதத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாளைக்கு: ஏழுமலை மேஸ்திரிக்குப் போன், வெள்ளிக்கிழமை ஆட்கள். பொக்லைன் வாடகை பேச வேண்டும். லாரி பின் டயர். வீட்டில் புளி இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். பாஷா பாயோடு ஏரியைச் சுற்றினேன். லாரி ஓட்டுகிறவர், பழவேற்காட்டுக்காரர். மரம் பார்க்கப் போனால் கூட வருவார், நிழலில் நின்று பேசுவார்.

கரையிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளி விரித்தது போல இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் சிப்காட் புகைபோக்கிகள். நான் மரத்தை மூன்றாகத்தான் பார்ப்பேன்: தொடை கனம், கை கனம், சுள்ளி. சுள்ளி சூளைக்கு. கை கனம் ஓட்டலுக்கு, கல்யாண மண்டபத்துக்கு. தொடை கனம்தான் பாய்லருக்கு. என் பிழைப்பு அதில்தான். மேற்குப் பக்கம் பள்ளம், அங்கே நல்ல கனம். கையால் அணைத்துப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வர்றவங்க கூட இவ்ளோ சுத்திப் பாக்க மாட்டாங்கக்கா" என்றார் பாய்.

"பொண்ணு வேகாது பாய், விறகு எரியணும்."

பாய்லருக்கு விறகு வாங்குகிற கம்பெனியின் பர்ச்சேஸ் சார் போன். "சரோஜா மேடம், செப்டம்பர் நடுவுல முதல் லோடு உள்ள வரணும். ஈரமா இருந்தா கேட்லயே திருப்பிடுவேன். முடியலன்னா சொல்லிடுங்க, நாங்க கட்டிக்கு மாறிடறோம்."

கட்டி என்பது மரத்தூளையும் கடலைத் தோலையும் அழுத்திச் செய்வது. கையில் அழுக்கு ஒட்டாது, ஈரம் இருக்காது. கட்டிக்காரன் ஒருமுறை உள்ளே போன கம்பெனியில் அப்புறம் விறகுக்கு வாசல் கிடையாது. அந்த வரிசையில் மற்ற கம்பெனிகள் எல்லாம் அப்படித்தான் கைவிட்டுப் போயின. எனக்கு மிச்சம் இந்த ஒரு பாய்லர். அதற்கு இந்த ஒரு ஏரி.

வேப்ப மரத்தில் அதற்குள் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சரி, சொன்ன சொல்லைச் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. யாருக்கும் வேண்டாத முள் காடு என்கிறார்கள். உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் ஒற்றையடிப் பாதை. புல் முளைக்காத அளவுக்குத் தேய்ந்த பாதை. பேய் நடந்து தேய்த்ததா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆட்கள் வந்தார்கள். வேலை நடக்கவில்லை.

ஏழுமலை மேஸ்திரி, அவர் மனைவி மங்கா, கூட ஒரு குட்டியானை வேன் நிறைய ஆட்கள். ஊத்துக்கோட்டைப் பக்கம். கரை ஏறி நின்றோம்.

காடு முழுக்கத் துணி. புடவைக் கரை, லுங்கி, ஸ்கூல் யூனிபார்ம், கம்பெனியில் எண்ணெய் துடைக்கிற துண்டு, மஞ்சள் தோய்த்த துணி. ஒரு மரத்தில் பனியனை முழுசாகவே மாட்டி வைத்திருக்கிறார்கள். அதுவும் எதில்? தொடை கனத்தில். சுள்ளிக்கு ஒரு கந்தல்கூடக் கிடையாது.

"ஊரே வந்து துணி காயப் போட்டுகினு போயிருக்கு" என்றார் பாஷா பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரி அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "யம்மா, துணி கட்டுன மரத்துல நாங்க கத்தி வெக்க மாட்டோம்."

"மேஸ்திரி, இது நேர்த்திக்கடன் இல்ல. அடையாளம். நான்தான் கட்டச் சொன்னேன்."

"கட்டுனவங்களுக்கு அது தெரியும். மரத்துக்குத் தெரியுமா?"

மங்கா இன்னும் ஒரு படி மேலே. "பாரும்மா, மஞ்சத் துணியெல்லாம் கீது. எம் புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும். டப்பு வேணாம், போறோம்."

போகவிடவில்லை. துணி இல்லாத சுள்ளியை வெட்டுங்கள் என்று கரையோரம் இறக்கிவிட்டேன். கூலி முன்பணமாகக் கொடுத்தாயிற்று, சும்மா நிற்க வைக்க முடியாது.

தேசிங்குக்குப் போன். பின்னால் உலைச் சத்தம்.

"இன்னாப்பா இது?"

"பேஜாராப் போச்சுக்கா. யாரு கட்னாங்கன்னே தெர்ல. நான் ஷிப்ட்ல இருந்தேன்."

"ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னியே?"

"இப்பவும் அதான் சொல்றேன். எல்லாரும் அதான் சொல்றாங்க."

சாயங்காலம் யோசித்தேன். ஏலம் முடிந்த பிறகு விலை ஏற்ற இது ஒரு வழி. நானாக இருந்தால் செய்திருப்பேன். அல்லது தாடிக்காரர் தூண்டிவிட்டாரா? ஆனால் அதற்குப் பனியனைக் கழற்றி மாட்டுவார்களா? காகிதத்தில் இருப்பது என் வாய் வார்த்தை, கீழே என் கையெழுத்து. துணி இருந்தால் தொடக் கூடாது. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

ஒவ்வொரு துணியாகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 23, சனி

மேகமூட்டம், மழை இல்லை. நாஷ்டா எருக்கங்கண்டிகை டீக்கடையிலேயே.

நேராகக் கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியாது, பக்கத்துத் தெருவாக இருக்கும், இப்படி. அப்புறம் வழியை மாற்றினேன். துணியைத் திட்ட ஆரம்பித்தேன். "எவனோ ஒரு கஞ்சன், ஓட்ட லுங்கிய கட்டி வெச்சிருக்கான்" என்று பாயிடம் உரக்கச் சொன்னேன். பின்னால் ஒரு குரல்: "யாரு கஞ்சன்? நல்ல லுங்கிக்கா அது, போன தீவாளிக்கு எடுத்தது."

சொந்தக்காரர் வந்துவிட்டார். அவர் பெயர் பாலு, பைப் கம்பெனி. "காலைல ஷிப்டுக்கு ஏரிக்குள்ள பூந்துதான் ரோட்டுக்குப் போவோம். அந்த மரத்தாண்ட திரும்பணும். இந்தாண்ட கெட்டித் தரை, அந்தாண்ட களி. ஒரு மழ பேஞ்சா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். மரம் இல்லன்னா முட்டி வரைக்கும் சேறு. அப்பிடியே போனா சூப்பர்வைசர் உள்ள வுட மாட்டான்."

ஒரு கல் நட்டால் ஆகாதா என்று கேட்டேன். "கல்லு எங்க நட்டாலும் கல்லுதான்க்கா. மரம்னா வளைஞ்ச கிளைய இருட்டுலயே தெரியும்."

இப்படியே திட்டித் திட்டி விசாரித்தது:

சிவப்பு ரவிக்கைத் துணி, மொத்தம் ஆறேழு மரம். ஆட்டுக்காரக் குப்பம்மா. "கோடைல புல்லு ஏது? இந்தக் காய்தான் என் ஆட்டுக்குச் சோறு. எல்லா மரமும் காய்க்காது, இதுங்கதான் கொத்துக் கொத்தாத் தள்ளும்." கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்றேன். "ஊரே பேய்ன்னு சொல்லிக்கினு கீது. நான் மட்டும் எழுந்து, இல்லப்பா இது நல்ல பேய்ன்னு சொல்லணுமா?"

ஸ்கூல் யூனிபார்ம்: பசங்களுக்கு அதுதான் கிரிக்கெட் ஸ்டம்ப். மரத்தில் மூன்று கோடு கீறியிருக்கிறது.

பனியன்: நான்கு பேர் சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார்ந்து குடிக்கிற இடம். "எங்க ஆபீஸ்க்கா அது. மரத்த எடுத்துட்டா ஆபீஸ ஊட்டுக்கு மாத்தணும், ஊட்ல வுடுவாளா?"

மஞ்சள் துணி, ஒற்றை மரம், கரைக்குக் கீழே. கழுத்தில் தாலிக் கயிறோடு சின்ன வயசுப் பெண் ஒருத்தி அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். உன்னுடையதா என்றேன். தலையசைத்தாள். எதற்கு என்றேன். குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். குப்பம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவ கொழந்த பொறந்த அன்னிக்கே போச்சு. அங்கதான் பொதச்சாங்க." பிறகு அந்தப் பக்கம் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

யாரும் யாரோடும் கலந்து பேசிக் கட்டவில்லை. அது நிச்சயம். விலை ஏற்றுகிற வேலை என்றால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவர் காரணம் இன்னொருவருக்குத் தெரியாது. யாரைக் கேட்டாலும் முள் வேண்டாம். அவரவர் மரம் மட்டும் வேண்டும்.

பாக்கி மேற்குப் பள்ளம். அங்கே மரத்துக்கு மரம் புடவைக் கரை, விதவிதமான நிறம். அதைத் திட்டிப் பார்த்தேன். டீக்கடையில் ஆண்கள் எல்லாரும் கிளாஸுக்குள் பார்த்தார்கள். ஒருவர் காசு கொடுக்காமலேயே எழுந்து போனார்.

மருமகள் போன் செய்தாள், பேரனுக்குச் சளி. கஷாயம் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏரிக்கரையில் காத்திருந்தேன். சர்ச் முடிந்து எஸ்தர் வெள்ளைப் புடவையோடு வந்தாள். கம்பெனி கேன்டீனில் சமையல், ஊரில் மகளிர் குழுவுக்குத் தலைவி. அவளிடம் கேள் என்று குப்பம்மா சொல்லியிருந்தாள்.

மேற்குப் பக்கத் துணிகளைக் காட்டினேன். எஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பொம்பள தான?"

"ஆமா."

"அப்பறம் இன்னா கேள்வி?"

அப்போதுதான் உறைத்தது. அந்த ஒற்றையடிப் பாதைகள்.

"ஊடு ஊடுக்குக் கக்கூஸ் இருக்கே, வரும்போது பாத்தேனே" என்றேன்.

"கீது. டைல்ஸ் போட்டு, கதவு போட்டு. தண்ணி? தெருக் கொழாய்ல வர்றது ஆக்கித் திங்கவே பத்தல. கக்கூஸுல இன்னா வெச்சிருக்கோம் தெரியுமா? விறகு. நனையாம கீது." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "ஆம்பளைங்களுக்கு ரயில்வே லைன் கீது, கம்பெனி சொவரு கீது. எங்களுக்கு மறைப்பு இந்த முள்ளுதான். மத்த பக்கம் எல்லாம் இப்ப காம்பவுண்டு, கேமரா."

"உள்ள பாம்பு இருக்குமே?"

"பாம்பு வழி வுட்டுடும். ஆம்பள வுட மாட்டான்."

"கூட்டத்துல தலையாட்டினீங்களேம்மா."

"மைக்கப் புடிச்சு சொல்லச் சொல்றியா? முன்வரிசைல மாமனாரு உக்காந்துகினு கீறாரு. ஏரி நெறையணும்னு எங்களுக்கும் ஆசதான். தண்ணி தூக்கறது யாரு, நாங்கதான். அதான் தலையாட்டுனோம். துணி கட்டச் சொன்ன பாரு, அது மகராசி நீ பண்ண நல்ல காரியம். வாயத் தொறக்க வேண்டியதில்ல."

எனக்கு இது புதிதா? கவரப்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது, ரயில் வெளிச்சம் விழுந்தால் புடவையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றவள்தான் நானும். லாரி வாங்கி, வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு மறந்துவிட்டது. மரத்தை அணைத்துக் கனம் பார்த்தேனே தவிர, பாதை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

ஆனால் அதுதான் நல்ல கனம் உள்ள இடம். அதை விட்டால் பர்ச்சேஸ் சாருக்கு என்ன அனுப்புவேன்? பள்ளமும் அதுதான், அங்கே முள் நின்றால் ஏரிக்கும் அவ்வளவு தண்ணீர் குறைவு. இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். எஸ்தரிடம் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் கெஞ்சவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெயில் கடுமை. கிழக்கு மேட்டோரம் இதுவரை போகாத பகுதி. அங்கே ஒரு நீளமான வரிசை, நேராக, நெருக்கமாக, எல்லாம் தொடை கனம். வரிசை முழுக்க நீலத் துண்டு. கம்பெனிச் சட்டைத் துணி. வரிசைக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலை, பச்சைப் பசேல் என்று. கரைக்கு உட்புறம் வேர்க்கடலை. ஏரியில்.

தேசிங்கு பைக்கில் வந்து இறங்கினார். நான் அங்கே நிற்பதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

"இன்னா தேசிங்கு, பேய்க்கு உன் சட்டையவே கிழிச்சுப் போட்டு வுட்டிருக்கே?"

"அது... மாடு பூந்துடுதுக்கா. வேலிக்குத்தான்."

"மாடு பூந்துடுதா, ஏரி பூந்துடுதா?"

ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்க அப்பா காலத்துலேருந்து பயிர் வெக்கறோம்க்கா. ஏரி இந்தாண்ட வர்றதே இல்ல."

"முள்ளு குடிச்சிடுது, எப்பிடி வரும்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அதற்கு மேல் பேசவில்லை. கையில் வந்த சீட்டை உடனே இறக்கக் கூடாது. கெட்ட ஆள் இல்லை. ஏரி நிறைய வேண்டும் என்று அவர் கத்தியதும் நிஜம்தான், வேர்க்கடலையும் நிஜம்தான்.

மேஸ்திரியிடம் கேட்டேன், துணியை அவிழ்த்துவிட்டால் வெட்டுவீர்களா என்று. "நாங்க அவுக்க மாட்டோம், நீயும் அவுக்கக் கூடாது. கட்டுனவங்க கையாலயே அவுத்தா அது வெறும் மரம். அப்ப வெட்டறோம்."

இதற்கு முன் எத்தனையோ ஊரில் மரம் வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு சட்டம் கேட்டதில்லை. ஆனால் இதில் ஒரு வழி தெரிந்தது. தேசிங்குக்குப் போன் போட்டேன்: புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, கம்பெனி லீவு. கூட்டம் போடு. ஸ்கூல் கட்டடத்தில் வேண்டாம், ஏரிக்குள்ளேயே. மைக் வேண்டாம். அவரவர் துணிக்குப் பக்கத்தில் போய் நிற்கட்டும். நின்றால் அந்த மரம் நிற்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிற்காதவர் அவிழ்த்துவிடட்டும்.

"எல்லாருமா?" என்றார்.

"எல்லாரும். நீலத் துணியும்."

"சரிக்கா."

பர்ச்சேஸ் சார் மறுபடி போன். கட்டி சாம்பிள் வந்திருக்கிறதாம், நன்றாக எரிகிறதாம். பார்த்து எரியுங்கள் சார், அடுப்பு கெட்டுவிடப் போகிறது என்றேன். சிரித்தார். சிரிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 27, புதன்

விடியற்காலை ஒரு தூறல். வீட்டில் கொழுக்கட்டை, இரண்டை மட்டும் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

மொத்த ஊரும் ஏரிக்குள். முதலில் யாரும் நகரவில்லை. நடுவில் தேசிங்கு காகிதத்தோடு நின்றார். குப்பம்மாதான் தொடங்கி வைத்தாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்த் தன் மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். "நான் நிக்க மாட்டேன், முட்டி வலி. ஆடு நிக்குது, எழுதிக்கோ."

பாலு போய் லுங்கிப் பக்கத்தில் நின்றார். அவரோடு ஷிப்ட் ஆட்கள் எல்லாரும். பசங்கள் ஸ்டம்புக்கு ஓடினார்கள்.

பனியன் மரத்துக்கு யாரும் போகவில்லை. நான்கு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் விடுவிடுவென்று போய்ப் பனியனை உருவினாள். "இது எங்க ஊட்டு பனியன். எத்தினி நாளாத் தேடறேன். ஆபீஸ் இன்னியோட மூடியாச்சு." ஊர் சிரித்தது. கட்டினவர் கை இல்லையே என்று மேஸ்திரியைப் பார்த்தேன். "பொண்டாட்டி அவுத்தா அவன் அவுத்த மாதிரிதான்" என்றார். இந்தச் சட்டத்தில் வளைவும் உண்டு போலிருக்கிறது.

மஞ்சள் துணிக்கு அந்தச் சின்னப் பெண் வந்தாள். கூட அவள் புருஷன். தேசிங்கு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

நீல வரிசை வெறுமையாக நின்றது.

"மெம்பரே, அது ஆரோடது?" குப்பம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

தேசிங்கு போய் நின்றிருந்தால் மரம் அவருக்குத்தான். பேச்சு அப்படித்தான். ஆனால் அங்கே நின்றால் முதுகுக்குப் பின்னால் வேர்க்கடலையை ஊரே பார்க்கும். என்னை ஒரு முறை பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். "எவனோ கட்டிட்டுப் போயிட்டான் போல. மெம்பர்னு இருந்தா எல்லா வேலையும் நாமதான் செய்யணும்" என்று அலுத்துக்கொண்டே போய் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நல்ல முடிச்சு, நேரம் பிடித்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊர் அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தது.

கடைசியாக மேற்குப் பக்கம்.

எஸ்தர் தனியாக நடந்து போய் முதல் மரத்துப் பக்கத்தில் நின்றாள். வேறு யாரும் அசையவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்: இவள் ஒருத்தி மரம் போனால் போகட்டும், மற்றது எல்லாம் எனக்கு.

அப்புறம் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி. அவளுக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு. கர்ப்பிணி ஒருத்தி. மஞ்சள் துணிப் பெண்ணும் தன் மரத்தை விட்டு அங்கே போனாள். அதற்கப்புறம் கும்பலாக. ஆண்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கூட மிச்சமில்லை. மரத்துக்கு ஒருத்தி, சில மரத்துக்கு மூன்று பேர்.

"அங்க இன்னா கீது, அத்தினி பேரு நிக்கறீங்க?" என்றான் ஒரு இளவட்டம்.

வரிசையிலிருந்து அவன் அம்மா: "வாய மூடிக்கினு நில்லு நைனா."

அதன்பிறகு ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் எப்போதும் தெரிந்ததுதான். பகலில், ஒரே இடத்தில், ஒன்றாகப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். முன்வரிசை மாமனார்கள் துண்டை உதறித் தோளை மாற்றிக்கொண்டார்கள். தேசிங்கு கையில் நீலத் துண்டுகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். அந்த வரிசையில் அவர் மனைவியும் அம்மாவும். இருவரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"கொழாய் லைன் கேட்டு எழுதணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நாளைக்கே எழுதணும்."

"எழுதறது இருக்கட்டும். தண்ணி வரணும்" என்றாள் எஸ்தர்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் மேஸ்திரி ஆட்கள் நீல வரிசையில் இறங்கிவிட்டார்கள். அரிவாள் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்கியது.

பேரம் டீக்கடையில். அந்தப் பக்கம் தேசிங்கு, எஸ்தர். இந்தப் பக்கம் நான். நடுவில் பாஷா பாய், வடை தின்றுகொண்டு. மேற்குப் பக்கத்து மரங்கள் கைவிட்டுப் போனதற்கு ஏலத் தொகையில் குறைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். எஸ்தர் அசையவில்லை. "துணி கட்டச் சொன்னது யாரு?" என்றாள். சரி, தொகை வேண்டாம், இடம் கொடுங்கள் என்றேன். ஊருக்குப் பொதுவாக ஒரு சிமெண்டுக் களம் இருக்கிறது. நெல் அடிக்கிறவர் குறைந்துபோய்ச் சும்மா கிடக்கிறது, நாள் முழுக்க வெயில். கனத்தைப் பிளந்து அதில் பரப்பினால் செப்டம்பர் நடுவுக்குள் காய்ந்துவிடும். வாடகைக்கு இப்படி ஒரு இடம் தேடி அலைந்தவள் நான். தேசிங்கு எஸ்தரைப் பார்த்தார். அவள் சரி என்ற பிறகுதான் தலையாட்டினார்.

பர்ச்சேஸ் சாரிடம் சொல்லிவிட்டேன், முதல் லோடு சொன்ன தேதிக்கு வரும், ஈரம் இருந்தால் திருப்பட்டும்.

முடிவான பேச்சு, மறக்காமல் இருக்க:

ஏலத் தொகை அதேதான், குறைவில்லை. பொக்லைன் என் செலவு, டீசல் ஊர்ச் செலவு. களம் பொங்கல் வரை எனக்கு, வாடகை இல்லை. நீல வரிசை முழுக்க வெட்டலாம். வேர்க்கடலையைப் பிடுங்கும் வரை வேரில் கை வைக்கக் கூடாது, அதற்கப்புறம் அந்த இடம் ஏரி. ஆள் நின்ற மரம் எதையும் தொடக் கூடாது. மேற்குப் பக்கம்: வீட்டுக் கக்கூஸுகளுக்குத் தண்ணீர் வந்து, கட்டின பெண்களே துணியை அவிழ்த்தால் அந்த விறகு எனக்கு, தனி விலை கிடையாது. அவிழ்க்கும் வரை எப்போது என்று நான் கேட்கக் கூடாது.